வலையை அறுத்த கைகள்: விழிஞ்ஞம் கடற்கரையும் திமிங்கிலச் சுறா மீட்பு வரலாறும்

முன்னுரை

காட்டுயிர் என்னும் சொல் பொதுவாக யானையையும் புலியையும் சிறுத்தையையுமே நினைவூட்டுகின்றது. மனிதர்க்கும் காட்டுயிர்க்கும் இடையிலான மோதல், மீட்பு, இணக்க வாழ்வு ஆகியன பற்றிய ஆய்வுகளும் மலையடிவாரங்களையும் காட்டோர ஊர்களையுமே பெரிதும் களமாகக் கொண்டுள்ளன. ஆயின், கடலும் காட்டுயிர்களின் வாழிடமே. அக்கடலோடு நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்து ஊடாடும் மக்களும் காட்டோர மக்களைப் போன்றே விலங்கோடு வாழ்பவர்களே. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2001ஆம் ஆண்டு முதல் கடல்மீன் ஒன்றைப் புலிக்கும் யானைக்கும் இணையாக முதற்பட்டியலில் வைத்துக் காக்கின்றது. அம்மீன் திமிங்கிலச் சுறா ஆகும். வலையில் அகப்பட்ட இம்மீனை உயிரோடு கடலுக்குத் திருப்பியனுப்பும் முயற்சி குசராத் கரையில் தொடங்கிப் பின்னர்க் கேரளத்துக்கும் விரிந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்து விழிஞ்ஞம் பகுதியை மையமாகக் கொண்டு அம்முயற்சியின் வரலாற்றுப் பின்புலத்தையும், மீட்பின் பொருட்டு ஏற்படும் இழப்பு யார்மீது விழுகின்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழிஞ்ஞம்: ஊரும் கரையும்

கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் விழிஞம் என வழங்கப்பெறும் இவ்வூர் தமிழ் வரலாற்று மாணவர்க்குப் புதிதன்று. ஆய் மன்னர்களின் முதன்மையான துறைமுகமாக இது விளங்கியது. பராந்தக நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு அவன் விழிஞத்தை அழித்த செய்தியைக் கூறுகின்றது. சீமாறன் சீவல்லபன் இங்குப் பெற்ற வெற்றியைச் சின்னமனூர்ச் செப்பேடு குறிக்கின்றது. முதலாம் இராசராசன் கடலை அகழியாகக் கொண்ட இவ்வூரைக் கைப்பற்றியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு எடுத்துரைக்கின்றது. கலிங்கத்துப்பரணியிலும் விழிஞம் இடம்பெறுகின்றது. பாண்டியரும் சோழரும் மீண்டும் மீண்டும் இவ்வூரை நாடியதற்கு இதன் இயற்கைத் துறைமுக அமைப்பே காரணம் எனலாம்.

அரசர்களின் வரலாற்றில் இவ்வளவு இடம்பெற்ற விழிஞத்தில் வலை வீசிய மக்களைப் பற்றிச் செப்பேடுகள் பேசவில்லை. முக்குவர் சமூகத்தினர் இக்கரையின் தொன்மையான கடலோடிகளாவர். 1544ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிசு சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் பல்லாயிரவர்க்குத் திருமுழுக்கு அளித்தபின் அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கராயினர். இசுலாமிய மீனவர்களும் விழிஞ்ஞத்தில் கணிசமாக வாழ்கின்றனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு உள்ளிட்ட 4 தென் தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தபோது இக்கரை இரு மாநிலங்களாகப் பிரிந்தது. ஆயினும் கட்டுமரம், கரமடி முதலிய தொழிற்சொற்களும் திருமண உறவுகளும் கன்னியாகுமரிக் கரையையும் விழிஞ்ஞத்தையும் இன்றளவும் பிணைத்துள்ளன. ஆதலின் விழிஞ்ஞத்துக் கடல்வாழ்வைத் தமிழ் நெய்தல் மரபிலிருந்து பிரித்துக் காண்பது பொருந்தாது.

நெய்தல் மரபில் சுறா

சங்க இலக்கிய நெய்தற் பாடல்களில் சுறா இருவேறு நிலைகளில் காட்சியளிக்கின்றது. ஒன்று, அச்சத்துக்குரிய பகை. வலையைக் கிழித்துச் செல்லும் சுறாவும், மீனவரைத் தாக்கும் சுறாவும் இப்பாடல்களில் வருகின்றன. குறுந்தொகையின் 269ஆம் பாடலில் வரும் தந்தை சுறா தாக்கிய புண் ஆறியபின் மீண்டும் கடலுக்குள் செல்கின்றான். புண்பட்டவன் பழிவாங்கச் செல்லவில்லை; தொழிலுக்கே செல்கின்றான் என்பது கருதத்தக்கது. மற்றொன்று, வழிபாட்டுக்குரிய பொருள். பட்டினப்பாலையில் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வணங்குகின்றனர். கொம்புடையதாகக் கூறப்படுவதால் இது வாள்சுறா என்று கொள்வது பொருந்தும்.

இவ்விரு நிலைகளையும் ஒருங்கே நோக்குமிடத்து, கடல்விலங்கைப் பகையாகவும் தெய்வமாகவும் ஒரே சமூகம் ஏற்றுக்கொண்டிருந்தமை புலனாகின்றது. காத்தல் என்னும் இன்றைய கருத்து அப்பாடல்களில் இல்லை. அதனை அவற்றின்மேல் ஏற்றிக் கூறுதல் பிழையாகும். ஆனால், உடன் வாழ்தல் என்பது இழப்பையும் உள்ளடக்கியது என்னும் உணர்வு அவற்றில் உண்டு. கிழிந்த வலையை முடிவதும், ஆறிய புண்ணோடு கடல் புகுவதும் அவ்வுணர்வின் வெளிப்பாடுகளே. பட்டினப்பாலைப் பரதவர் வணங்கிய வாள்சுறாவின் இனங்களும் 2001ஆம் ஆண்டில் சட்டத்தின் முதற்பட்டியலில் சேர்க்கப்பெற்றன என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

திமிங்கிலச் சுறா: பதிவும் வேட்டையும்

திமிங்கிலச் சுறா உலகின் மிகப்பெரிய மீன். பெயரில் திமிங்கிலம் இருப்பினும் இது பாலூட்டியன்று. குருத்தெலும்புக் கூடு கொண்ட சுறா இனமே. 18 மீட்டர் வரை வளரவல்லது. இவ்வளவு பெரிய உடல் இருந்தும் மிதவை நுண்ணுயிர்களையும் சிறுமீன்களையும் வடிகட்டி உண்பது, மனிதரைத் தாக்காதது. 1828ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் டேபிள் விரிகுடாவில் பிடிபட்ட ஒன்றைக் கொண்டு ஆண்ட்ரு சுமித் இதனை முதன்முதலில் அறிவியலுலகுக்கு அறிமுகப்படுத்தினார். இந்தியக் கரையில் இதன் தொடக்கப் பதிவு சென்னைக்குரியது. 1889இல் சென்னைக் கரையில் ஒதுங்கிய ஒரு மீனை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்தார். தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளால் தமிழ் ஆய்வாளர் நன்கறிந்தவர் அவர்.

முதுகெங்கும் வெண்புள்ளிகள் நிறைந்த இம்மீனுக்குக் கடலோர மக்கள் இட்ட பெயர்கள் சுவையானவை. மடகாசுகர் மக்கள் ‘பல விண்மீன்கள்’ என்னும் பொருள்படவும், கீழை ஆப்பிரிக்கக் கரையினர் காசுகளை நினைவூட்டும் வகையிலும் பெயரிட்டனர். கேரளத்தில் இது உடும்பன் சுறா எனப்படுகின்றது. குசராத்தில் வழங்கிய பெயரோ ‘பேரல்’ என்பதாகும். தூண்டில் முள் பாய்ந்த மீன் ஆழத்துக்குச் சென்றுவிடாமல் களைத்து மேலெழுவதற்காகக் கயிற்றில் பீப்பாய்களைக் கட்டி வேட்டையாடியதால் வந்த பெயர் இது. பிடிக்கும் கருவியின் பெயரே உயிருக்கும் பெயராயிற்று.

குசராத் மீனவர் முற்காலத்தில் இதன் ஈரலெண்ணெயைப் படகின் மரப்பலகைகளுக்குப் பூசுவதற்கு மட்டுமே பயன்படுத்தினர். 1990களில் தைவானுக்கு இறைச்சி ஏற்றுமதி பெருகியபோது வேட்டை பன்மடங்காயிற்று. வேராவல், மாங்ரோல் முதலிய துறைகளில் நூற்றுக்கணக்கான மீன்கள் கரையேற்றப்பட்டன. முதிர்ச்சியடையப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும் உயிருக்கு இத்தகைய அழிவு ஈடுசெய்ய இயலாதது. 1995இல் தைவானில் பிடிபட்ட ஒரு தாய்மீனின் வயிற்றில் ஏறத்தாழ 300 குட்டிகள் இருந்தன. முட்டை உடலுக்குள்ளேயே பொரித்துக் குட்டியாக வெளிவரும் இயல்புடையது இம்மீன் என்பதை உலகம் அறிந்துகொண்டதே அந்த ஒரு மீனின் இறப்பினால்தான்.

சட்டமும் சொல்லும்

மைக் பாண்டே எடுத்த ‘மௌனக் கரைகள்’ என்னும் பொருள்படும் ஆவணப்படம் 2000ஆம் ஆண்டில் இவ்வேட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2001ஆம் ஆண்டு மே மாதம் நடுவணரசு திமிங்கிலச் சுறாவைச் சட்டத்தின் முதற்பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் இத்தகைய பாதுகாப்பைப் பெற்ற முதல் மீன் இதுவே. முதற்பட்டியல் உயிரை வேட்டையாடுவோர்க்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படும். மாலத்தீவு 1995இலும் பிலிப்பைன்சு 1998இலும் இவ்வேட்டையைத் தடைசெய்திருந்தன. 2002இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையிலும் இம்மீன் இடம்பெற்றது. 2016இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவாய்ப்பில் உள்ள இனமாக அறிவித்தது.

சட்டம் இயற்றப்பெற்றதும் வேட்டை உடனே நின்றுவிடவில்லை. இம்மீன் காக்கப்பட்ட உயிர் என்பதையே பல மீனவர் அறிந்திருக்கவில்லை. இந்நிலையில், 2004இல் இந்தியக் காட்டுயிர் அறக்கட்டளை குசராத் வனத்துறை, டாட்டா கெமிக்கல்சு முதலியவற்றோடு இணைந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. இராமாயண உரையாளர் மொராரி பாபு இவ்வியக்கத்தின் குரலானார். பேறுகாலத்தில் தாய்வீடு தேடி வரும் மகளைப் போன்று இம்மீன் குசராத் கரைக்கு வருகின்றது; வந்த மகளைக் கொல்வார் உண்டோ என்பது அவர் மக்கள்முன் வைத்த கருத்து. ‘பேரல்’ எனப்பட்ட மீன் அன்புக்குரியவள் எனப் பொருள்படும் ‘வ்ஹாலி’ என்னும் பெயரைப் பெற்றது. தண்டனை செய்ய இயலாததை உறவுச்சொல் செய்தது எனலாம். வேட்டையாடிய கைகளே வலையை அறுத்து மீனை விடுவிக்கத் தொடங்கின.

எனினும், சொல் மட்டுமே இம்மாற்றத்தை நிகழ்த்தியதாகக் கூறுவது முழுமையான வரலாறாகாது. அறுபட்ட வலைக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. அதிகாரிகள் நடுக்கடலுக்கு வந்து சான்றளிக்கும்வரை மீன் உயிரோடிராது என்பதால், மீனவர்களிடமே ஒளிப்படக் கருவி கொடுக்கப்பட்டது. விடுவிப்பை அவர்களே படமெடுத்துக் காட்டினால் போதும் என்னும் நடைமுறை வகுக்கப்பட்டது. மீனவரின் சொல்லை அரசு நம்பியமையே இதன் உட்பொருளாகும். உணர்வு, இழப்பீடு, நம்பிக்கை ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்தமையால்தான் குசராத் கரையில் நூற்றுக்கணக்கான மீன்கள் உயிரோடு கடலுக்குத் திரும்பின.

விழிஞ்ஞக் கரையின் வேறுபாடு

இவ்வியக்கம் பின்னர்க் கேரளத்துக்கும் இலட்சத்தீவுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கேரளக் கரையில் சிக்கலின் தன்மையே வேறு. இங்குத் திமிங்கிலச் சுறா திட்டமிட்ட ஏற்றுமதி வேட்டைக்குரிய மீனாக இருக்கவில்லை. ஆதலின் வேட்டைக்காரனின் மனத்தை மாற்றும் தேவை இங்கு எழவில்லை. பிடிக்க விரும்பாத மீன் பிடிபடுவதே இக்கரையின் இடர்.

அதற்குக் கடலின் இயல்பு காரணமாகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கன்னியாகுமரி முதல் கொல்லம் வரையிலான கடலில் ஆழ்நீர் மேலெழுகின்றது. ஊட்டம் மிகுந்த அந்நீரால் மிதவை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை நாடிச் சாளையும் நெத்தலியும் திரள்கின்றன. பிற கரைகள் அலைமிகுந்து அடைபடும் மழைக்காலத்திலும் விழிஞ்ஞம் மீன்பிடிக்கும் துறையாக விளங்குவதும், சுற்றுவட்டார மீனவர் அப்பருவத்தில் இங்கு வந்து தங்குவதும் இதனாலேயே. சிறுமீன் திரளை நாடியே மனிதனும் வருகின்றான். திமிங்கிலச் சுறாவும் வருகின்றது. இருவரும் ஒரே பந்திக்கு வந்தவர்கள். கரையோரம் வருபவற்றில் இளமீன்களே மிகுதி என்பது உலகின் பல பகுதிகளிலும் கண்டறியப்பட்டுள்ளது. ஓர் இளமீனின் இறப்பு, பல பத்தாண்டுகள் கழித்துப் பிறக்கவேண்டிய தலைமுறையின் இழப்பாகின்றது.

கடல் அடங்கிய மாதங்களில் பூவார் முதல் அஞ்சுதெங்கு வரையிலான மணற்கரைகளில் கரமடித் தொழில் நடைபெறும். படகு ஒன்று வலையை அரைவட்டமாகக் கடலில் இறக்கிவரும். வலையின் இரு முனைகளிலும் உள்ள நீண்ட வடங்களைக் கரையில் நிற்போர் இரு அணிகளாகப் பிரிந்து பலமணி நேரம் இழுப்பர். நடுவிலுள்ள பை போன்ற பகுதியே மடி. மடி கரையை நெருங்கும்போதுதான் உள்ளே இருப்பது தெரியவரும். நெத்தலியோடு திமிங்கிலச் சுறாவும் அகப்பட்டிருந்தால், அதனை விடுவிப்பதற்கு வலையைத் தாழ்த்தவோ அறுக்கவோ வேண்டும். அவ்வாறு செய்தால் அன்றைய மீன் முழுவதும் வெளியேறிவிடும்.

குசராத்தின் செவுள்வலைப் படகில் வலையும் முடிவும் படகுக்குரியவருடையவை; இழப்பீடு பெறுபவரும் அவரே. கரமடியிலோ வலைக்குரியவர் ஒருவர். வடம் இழுப்போர் பலர். இழுப்போரின் வருவாய் அன்று மடியில் வரும் மீனின் பங்கே. வலைக்கு இழப்பீடு கிடைத்தாலும், இழந்த மீனின் பங்குக்கு ஈடு கிடைப்பதில்லை. முதியோரும் வேறு தொழில் அறியாதோரும் மிகுந்துள்ள அக்கூட்டத்தில் வலையை அறுப்பது என்னும் முடிவு பல வீடுகளின் அன்றைய உணவைப் பற்றிய முடிவாகும். படகுக்குரியவரைக் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்ட இழப்பீட்டு முறை கரமடிக்கு அப்படியே பொருந்தாது என்பது இதனால் தெளிவாகின்றது. மீட்பு இங்குத் தனிமனிதச் செயலன்று, கூட்டு முடிவு.

மீட்பின் முறை

திமிங்கிலச் சுறா மீட்பில் காலமே முதன்மையானது. வாய்வழியே புகும் நீர் செவுள்களின் ஊடே சென்றால்தான் இம்மீன் மூச்சுவிட இயலும். வலையில் சிக்கி அசைவிழந்தால் அது மெல்ல மூச்சுத்திணறும். கரையில் ஏறிவிட்டாலோ, எலும்பின் உறுதியற்ற உடல் தன் எடையினாலேயே நசுங்கும். ஆதலின் மீனைக் கரைக்கு இழுத்தபின் காப்பாற்ற முனைவது பெரும்பாலும் பயனற்றது. நீருக்குள் இருக்கும்போதே வலையை அறுப்பது ஏற்றது. வாலில் கயிறு கட்டிப் பின்னோக்கி இழுப்பது செவுளுக்குச் செல்லும் நீரோட்டத்தைத் தடுத்து ஊறு விளைவிக்கும். அலையின் போக்கை அறிந்து, ஆழமான நீருக்குத் தலை திரும்பும்வண்ணம் மீனைத் தள்ளிவிடுதல் வேண்டும். பல டன் எடையுள்ள உடல் அலையில் புரளும்போது அருகில் நிற்பவர்க்கும் இடர் உண்டு. அலையையும் கயிற்றையும் நீரோட்டத்தையும் ஒருங்கே அறிந்தவர் மீனவரே. காட்டுயிர் மருத்துவர் வந்துசேரும் முன்னரே செய்யவேண்டிய பணி இது. காட்டில் யானை மீட்பை வனத்துறை தலைமையேற்று நடத்துகின்றது. கடலில் மீட்பின் தலைமை வலையைப் பிடித்தவரிடமே உள்ளது.

விழிஞ்ஞத்தில் நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் நெடுங்காலமாக இயங்கிவருகின்றது. நாட்டின் பல கரைகளில் ஒதுங்கியனவும் வலைப்பட்டனவுமாகிய திமிங்கிலச் சுறாக்களைப் பற்றி அந்நிறுவனத்தார் பல பத்தாண்டுகளாக வெளியிட்ட குறிப்புகளே இம்மீனின் வரலாற்றுக்கு அடிப்படைச் சான்றுகளாகும். முதுகுப் புள்ளிகளின் அமைப்பு மீனுக்கு மீன் வேறுபடுவது. விண்மீன் தொகுதிகளை ஒப்பிடுவதற்காக வானியலார் வகுத்த கணக்கீட்டு முறையைக் கொண்டு தனித்தனி மீன்களை அடையாளம் காணும் வழி 2005இல் வெளியிடப்பட்டது. எனவே, விடுவிக்கும்போது மீனவர் எடுக்கும் ஒளிப்படம் இழப்பீட்டுக்கான சான்றாக மட்டுமன்றி, அறிவியல் ஆவணமாகவும் பயன்படக்கூடியது.

சட்ட அச்சம் இதற்குத் தடையாகலாகாது. இறந்த மீன் மடியில் வந்தால் வழக்கு வருமோ என்று அஞ்சும் மீனவர் அதனை வெளிப்படுத்தாமல் கடலில் விட்டுவிட நேரும். அச்சத்தால் மறைக்கப்படும் ஒவ்வொரு நிகழ்வும் வரலாற்றுக்கும் அறிவியலுக்கும் இழப்பாகும். மகாராட்டிர அரசு 2018இல் காக்கப்பட்ட கடலுயிர்களை விடுவிக்கும் மீனவர்க்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு வழங்கும் திட்டத்தை அறிவித்தது. தமிழகத்தில் 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகம் அமைக்கப்பட்டது. வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவித்த மீனவர்கள் அங்குப் பாராட்டும் பரிசும் பெற்றனர். மீனவரைக் குற்றவாளியாகக் கருதாது காவலராகக் கருதும் அணுகுமுறை பயன் தருவதை இவை காட்டுகின்றன.

துறைமுகமும் புதிய இடர்களும்

பண்டைத் துறைமுகமான விழிஞ்ஞம் மீண்டும் பெருந்துறைமுகமாகியுள்ளது. 2015 திசம்பரில் தொடங்கிய பன்னாட்டுத் துறைமுகப் பணி, கரையரிப்பையும் வாழ்விட இழப்பையும் முன்வைத்து 2022 ஆகஸ்டு முதல் திசம்பர் வரை மீனவர் நடத்திய போராட்டத்தைச் சந்தித்தது. 2024 சூலையில் முதல் பெருஞ்சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2ஆம் நாள் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே மாதம் 25ஆம் நாள், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்.எசு.சி. எல்சா 3 என்னும் கப்பல் 640 சரக்குப் பெட்டகங்களோடு மூழ்கியது. அதிலிருந்த நெகிழி மணிகள் திருவனந்தபுரம் கரைகளில் ஒதுங்கின. நீரை வடிகட்டி உண்ணும் மீனுக்கு நுண்மீனும் நெகிழி மணியும் வேறல்ல.

திமிங்கிலச் சுறா நீரின் மேற்பரப்பில் மெதுவாக நீந்தி மேய்வது. 2022இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று, இம்மீன்கள் நடமாடும் பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது பெருங்கப்பல்களின் வழித்தடங்களோடு ஒன்றுபடுவதையும், கப்பல் மோதல் கண்ணுக்குப் புலப்படாத இறப்புக் காரணமாக இருப்பதையும் எடுத்துக்காட்டியது. மோதுண்ட மீன் கடலடியில் அமிழ்ந்துவிடுவதால் சான்று எஞ்சுவதில்லை. வலையில் சிக்கிய மீனோ பலர் கண்முன் கரைக்கு வருகின்றது. எனவே, காணப்படும் இறப்புக்குக் கரமடி இழுப்பவர் விடைகூற வேண்டியுள்ளது. காணப்படாத இறப்புக்கு விடைகூறுவோர் இல்லை. மேய்ச்சல் பருவத்தில் கரையை அண்டிய கடலில் கப்பல்களின் விரைவைக் குறைப்பது, கடல் விலங்குகளின் பொருட்டு உலகின் வேறு பகுதிகளில் கையாளப்படும் எளிய வழியாகும். வலையை அறுத்து மீட்ட மீன் கப்பலின் முகப்பில் மடியுமாயின், வலையை அறுத்தவரின் இழப்புக்குப் பொருளில்லாது போகும்.

முடிவுரை

குசராத்தில் வேட்டை ஒழிந்தது உறவுச்சொல்லாலும் இழப்பீட்டாலும் நம்பிக்கையாலும் ஆகும். விழிஞ்ஞக் கரையில் ஒழிய வேண்டிய வேட்டை இல்லை. பகிர்ந்துகொள்ள வேண்டிய இழப்பே உள்ளது. கரமடியின் பங்குமுறையை உணர்ந்து, வலைக்குரியவர்க்கு மட்டுமன்றி வடம் இழுத்தோர்க்கும் அன்றைய பங்குக்கு ஈடு வழங்குதல் வேண்டும். தற்செயலாக இறந்த மீனை அறிவிப்போர்க்கு வழக்கச்சம் நீங்குதல் வேண்டும். மீனவரின் ஒளிப்படங்கள் முறையாகத் தொகுக்கப்படல் வேண்டும். துறைமுகமும் கப்பல்களும் தம் பங்குச் சுமையை ஏற்றல் வேண்டும்.

சுறாவால் கிழிந்த வலையைச் சங்ககாலப் பரதவர் முடிந்துகொண்டனர். இன்றைய மீனவர் சுறாவின் பொருட்டுத் தம் வலையைத் தாமே அறுக்கின்றனர். ஈராயிரம் ஆண்டு நெய்தல் வரலாற்றில் இது புதிய செயல். அவ்வாறு அறுபட்ட வலையை முடியும் பொறுப்பு அம்மீனவர்க்கு மட்டும் உரியதன்று. அம்மீன் வாழவேண்டும் எனச் சட்டம் இயற்றிய சமூகம் முழுமைக்கும் உரியதாகும்.